நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்

பேராசிரியர் பதவி பதினோரு வருடமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. இதுதான் கடைசி நேர்காணல். உயிர்வேதியியலாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நொதியைப் பத்தி நீங்க எழுதின கட்டுரையை நானூத்திப் பன்னிரண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க," என்றார் குழுத் தலைவர். "நான் முந்நூறு கட்டுரை போட்டிருக்கேன். எதுக்கும் இந்த யோகம் இல்லை."

"ஐயா, அந்தக் கட்டுரையில ஒரு விஷயம்..."

"தன்னடக்கமெல்லாம் போதும் சார். எண்ணிக்கையே பேசுதே." கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடிவிட்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "பதவி கிடைச்சும் ஏங்க மூஞ்சி தொங்குது?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்தச் சோதனைக்கு எடுத்த நொதி முன்னாடியே கெட்டுப்போயிருந்தது. எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. 'இவர் பண்ணின தப்பை நீங்களும் பண்ணிடாதீங்க'ன்னு சொல்லத்தான் எல்லாரும் என்னை மேற்கோள் காட்டுறாங்க."

"தலைவருக்கு அது தெரியாதா?"

"தெரியும்னு நெனச்சுத்தான் நடுங்கிட்டே போனேன். என் தப்பை முதல்ல கண்டுபிடிச்சுச் சொன்ன கட்டுரையே அவர் பேர்லதான் வந்துது. அதையும் அவர் படிக்கலை போல."