பெட்டி பெட்டியாக

சாப்பாட்டு மேஜை முழுக்கச் செல்போன்கள்.

ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பது ஒன்று. பாம்பு விளையாட்டுக்காகவே வாங்கியது ஒன்று. இழுத்தால் பொத்தான்கள் வெளியே வருவது, குச்சியால் குத்த வேண்டியது, முகத்தைப் பார்த்தே திறந்துகொள்வது. வீட்டில் செத்துக் கிடந்ததையெல்லாம் தேடிப் பிடித்து, மகள் வயது வரிசைப்படி அடுக்கியிருந்தாள்.

அவளுக்குச் செல்போன் நிறுவனத்தில் வேலை. புது மென்பொருள் வெளிவரும் முன் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று பார்ப்பாள். அலுவலகக் கண்காட்சிக்காகத்தான் இந்தக் கூத்து.

இப்போது சார்ஜரில் இருந்தது அவளுடைய அம்மாவின் முதல் போன்.

கண்ணாடிக் கடைக்காரரான அப்பா சார்ஜரைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"பழைய பேட்டரிம்மா. வெடிச்சுத் தொலைக்கப் போகுது."

"சும்மா இருங்கப்பா. அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு அம்மா இன்னைக்காவது படிக்கட்டும்."

பெட்டிக் கதை சொந்தபந்தம் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு வீட்டிலும் கல்யாணப் பேச்சு நடந்த சமயம் அது. போட்டோ பார்த்ததோடு சரி, அப்பாவும் அம்மாவும் சந்திக்கவில்லை. அவர் தமிழில் ஒரு மெசேஜ் அனுப்பினார். அந்தக் காலத்துப் போன்களில் பாதிக்குத் தமிழ் தெரியாது. எழுத்துக்குப் பதில் வெறும் பெட்டிகளாக வரும். தனக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது, நேரில் வந்து சொல்லுங்கள் என்று அவள் பதில் போட்டாள். அவள் வேலை பார்த்த மருந்துக் கடைக்கு இவர் ஓடினார். பிடித்திருக்கிறது என்றார். மெசேஜிலும் அதைத்தான் எழுதியதாக இன்றுவரை சாதித்து வருகிறார்.

எழுதியது வேறு.

'இப்போது எனக்குக் கல்யாணம் வேண்டாம். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று நீங்களே வீட்டில் சொல்லிவிடுங்கள்.'

பெரியவர்களிடம் மறுத்துப் பேசத் தைரியமில்லாமல், பழியை அவள் தலையில் கட்டப் பார்த்தார். கடைவாசலில் அவளைப் பார்த்ததும் வாய் தானாக மாற்றிச் சொல்லிவிட்டது. அப்படிச் சொன்னதற்கு ஒரு நாள்கூட அவர் வருந்தியதில்லை. மெசேஜ் விஷயம் மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு உடைந்துபோவாள்.

போன் ஒரு சின்னப் பாட்டோடு விழித்துக்கொண்டது.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றாள்.

பெட்டிகளை அப்படியே புதுப் போனுக்கு அனுப்பினால் எழுத்தாகிவிடும் என்பது மகளின் திட்டம். மெசேஜைத் திறந்தாள்.

அனுப்ப வேண்டியிருக்கவில்லை. பழைய திரையிலேயே எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. ஒரு பெட்டிகூட இல்லை.

மகள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

அவருக்கு மனைவி பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அழுகிறாளோ என்று பதறித் திரும்பினால், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னு சொல்றவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டுமேன்னுதான் வரச் சொன்னேன்."

அசடு வழிய அவரும் சிரித்தார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மகள் விடுவதாக இல்லை. அம்மா அனுப்பிய பதிலைத் தேடியெடுத்து அவர் கண்முன் நீட்டினாள்.

'எல்லாம் பெட்டி பெட்டியாக வந்திருக்கிறது. ஒன்றும் புரியவில்லை. நேரில் வந்து சொல்லுங்கள்.'

இந்தப் பதிலை அவர் எத்தனையோ தடவை படித்திருக்கிறார். பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்திருக்கிறார்.

தமிழ் தெரியாத போனிலிருந்து அத்தனையும் சுத்தமான தமிழில் வந்திருந்தது, அவருக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.