குடத்தோடு வந்த மத்தியஸ்தர்

"தீர்ப்பை எப்படியாவது உடைச்சுக் குடுங்க மேடம். இல்லேன்னா நான் கட்டின மாடிப்படியை நானே உடைக்கணும்."

திண்டிவனத்திலிருந்து முதல் பஸ் பிடித்து விழுப்புரம் வந்த கட்டட கான்ட்ராக்டர் மாரியப்பன், வக்கீல் அமல்ராணியின் எதிரே உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் புலம்பத் தொடங்கினார்.

அமல்ராணிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவரைத் தேடி வருவதெல்லாம் வரப்புத் தகராறும் ஜீவனாம்சமும்தான். மத்தியஸ்தர் தீர்ப்பை எதிர்த்து ஒரு கட்டட வழக்கு, இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் கதவைத் தட்டியிருக்கிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

"பதறாம முதல்லேர்ந்து சொல்லுங்க. நடுவுல மத்தியஸ்தர் எப்படி வந்தாங்க?"

"பேங்க் லோனுக்கு ஒப்பந்தம் கேட்டாங்க மேடம். ஓனரம்மாவும் நானும் முத்திரைத்தாள்ல எழுதிக் கையெழுத்து போட்டோம். தகராறு வந்தா மத்தியஸ்தர் சொல்றதுதான் முடிவுன்னு அதுல ஒரு வரி. வழக்கமாப் போடறதுதானேன்னு நானும் உட்டுட்டேன்."

"தகராறு எதுல?"

"தளம் போட்டதும் மாடிப்படியை ஆளுங்ககிட்ட உட்டுட்டு அடுத்த சைட்டுக்குப் போயிட்டேன். ஒரு படி ஒசரமா, ஒரு படி தாழ்வா வந்துடுச்சு. ஓனரம்மா புடிச்சிக்கினாங்க."

தளம் காய்வதற்குள் அடுத்த சைட்டில் நிற்காத கான்ட்ராக்டர் எந்த ஊரில் இருக்கிறார்? அமல்ராணி அதைச் சொல்லவில்லை. கட்சிக்காரர் மனசைப் புண்படுத்துவானேன்?

"மத்தியஸ்தர் நேர்ல வந்து பார்த்தாங்களா?"

"அந்தக் கொடுமையை ஏன் கேக்கறீங்க! டேப்பு இல்ல, ரசமட்டம் இல்ல. இடுப்புல தண்ணிக் குடத்தை வெச்சுக்கினு மாடிக்கு ஏறினாங்க மேடம். மேல போறதுக்குள்ள பாதித் தண்ணி சிந்திப்போச்சு. படியை இடிச்சுட்டு வேற கட்டணும், கட்டி முடிக்கிற வரைக்கும் வேற சைட்டுல கால் வெக்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க."

"ஓ, மத்தியஸ்தரும் லேடியா? தீர்ப்பை எழுதினது யாரு?"

"எழுதினது ஓனரம்மா. கையெழுத்து மத்தியஸ்தரோடது."

அமல்ராணியின் முகம் மலர்ந்தது. எதிர்த்தரப்பே கைப்பட எழுதிய தீர்ப்பு! இதற்கே பாதி வழக்கு விழுந்துவிடும்.

மாரியப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "கோட்டக்குப்பத்துல ஒரு துபாய்க்காரரோட பங்களா வேலை கெடைச்சிருக்கு மேடம். நான் கொத்தனாரா கொலுறு புடிச்ச நாள்லேர்ந்து இப்படி ஒரு வேலை வந்ததில்ல. வெள்ளிக்கிழமை தொடங்கணும். போகாட்டா வேற ஆளுக்குப் போயிடும். போனா தீர்ப்பை வெச்சுக்கினு கோர்ட்டுக்குப் போவேன்னு ஓனரம்மா மெரட்டறாங்க. ஒரே பேஜாரு."

"கவலையை விடுங்க. நாம எதிர் மனு போட்டுத் தடை வாங்கிட்டா தீர்ப்பை நிறைவேத்த முடியாது. நீங்க தாராளமா வெள்ளிக்கிழமை வேலையைத் தொடங்கலாம். ஆனா மனு நிக்கணும். மத்தியஸ்தர் ஒரு பக்கம் சாஞ்சாங்கன்னு காட்டணும். ஓனர் வீட்டுல அவங்க கை நனைச்சாங்களா?"

"மூணு வேளையும் மேடம்."

"மூணு வேளையுமா!" அமல்ராணி பரபரவென்று எழுதினார். "உங்களுக்கு?"

"தீர்ப்பு வந்ததுலேர்ந்து ஒரு டீ கெடையாது. ஓட்டல்லதான் சாப்புடறேன்."

வேலைக்கு வருகிறவர்களுக்கு டீ கொடுப்பது எந்த வீட்டிலும் உள்ள வழக்கம். அதைக்கூட நிறுத்திய ஓனர் மேல் அமல்ராணிக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"வேற ஏதாச்சும் கொடுக்கல் வாங்கல்?"

"தீபாவளிக்குப் பட்டுப்பொடவை எடுத்துக் குடுத்தாங்க. அமாவாசைக்கு அமாவாசை ரெண்டு பேரும் மேல்மலையனூர் போறாங்க. பஸ்ல ஒரே சீட்டு."

"டிக்கெட் யாரு எடுப்பாங்க?"

"ஓனரம்மாதான்."

"சாப்பாடு, பட்டு, பிரயாணம்! இப்படி ஒரு மத்தியஸ்தரை யாருய்யா பிடிச்சுக்கினு வந்தது?"

மாரியப்பன் நெளிந்தார். "நான்தான் மேடம். சின்ன வயசுலேர்ந்து பழக்கம். எப்படியும் நம்ம பக்கம்தான் பேசுவாங்கன்னு நம்பிட்டேன்."

பாவம், நல்ல மனிதர், நம்பி மோசம் போயிருக்கிறார் என்று அமல்ராணி இரக்கப்பட்டார். வழக்கில் இன்னும் ஒரே ஒரு ஆணி அடித்தால் போதும்.

"மத்தியஸ்தருக்கும் ஓனருக்கும் ஏதாவது உறவு இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இருந்தா கேஸ் இப்பவே ஜெயிச்ச மாதிரி."

மாரியப்பன் தலையைச் சொறிந்தார். "மாமியார், மருமக மேடம்."

அமல்ராணி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா? ஓனரோட மாமியாரே மத்தியஸ்தரா! எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது. அந்த ஓனரோட வீட்டுக்காரரை மட்டும் எப்படியாவது கூட்டிக்கினு வாங்க. எங்க அம்மாதான்னு அவர் ஒரு வார்த்தை சாட்சி சொன்னாப் போதும்."

"வந்துதான் உக்காந்துக்கினு இருக்கேன் மேடம்."

அமல்ராணி மெல்ல உட்கார்ந்து பேனாவை மூடினார். "பெத்த புள்ளையை விட்டுட்டு மாமியார் மருமக பக்கம் சாஞ்சிட்டாங்கன்னு சொன்னா, பத்து வருஷமா மருமகளா இருக்கற நானே நம்ப மாட்டேன், ஜட்ஜ் எங்கேர்ந்து நம்புவார்? ஜல்தியாப் போய்ப் படியை இடிங்க!"