துப்பாக்கிக்கு ஒத்துவராத கையுறை

மழைக்காலம் தொடங்கிய வாரம், கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் வாட்ச்மேனாக இருந்த முனுசாமி ஒரு ஜோடி ரப்பர் கையுறையோடு வீட்டுக்கு வந்தான்.

"கைத்துப்பாக்கி சுட்டுப் பழகக் குடுத்தாங்க. மழையில வழுக்குது. நீ வெச்சுக்கோ."

"எனக்கு எதுக்குய்யா?" என்றாள் மனைவி கெங்கம்மாள்.

"அப்போ தூக்கிப் போட்டுடவா?"

புதுப் பொருள் வீணாகக் கூடாதே என்று, மறுநாள் அதை மாட்டிக்கொண்டே, விரல்களை வெடிக்க வைக்கும் ஐஸ் இறால் உரிக்கிற வேலைக்குப் போனாள்.

மார்கழியில் கம்பளி உறை வந்தது. "பனிக்குன்னு குடுத்தாங்க. தடியா கீது, டிரிக்கர்ல விரலு பூரல."

அதை ரப்பர் உறைக்குள் போட்டுக்கொண்டாள்.

சித்திரையில் பருத்தி உறை. "வெயில்ல வேர்த்து ஊறிப்போவுது. குறி தப்புது."

அதற்குள் அவள் விரல் வெடிப்பெல்லாம் ஆறியிருந்தது.

ஒருநாள் அவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டோடு தொழிற்சாலை கேட்டுக்குப் போனாள்.

"எங்க ஊட்டுக்காரரு துப்பாக்கி சுடப் போயிருக்காரா?"

அங்கிருந்த காவலாளி சிரித்தார். "துப்பாக்கியா? இங்க எல்லாருக்கும் மூங்கில் தடிதாம்மா!"

முன்பு அவள் விரல் வெடிப்பைப் பார்த்து, உறை வாங்கித் தரேன் என்று அவன் கெஞ்சியபோதெல்லாம், "எனக்கு இன்னாத்துக்கு தெண்டச் செலவு?" என்று தான் மறுத்தது அவளுக்கு நினைவு வந்தது.

"நான் கேட்டத அவராண்ட சொல்லிடாதீங்கண்ணா."

அன்று மாலை கிழிந்த ரப்பர் உறையை முனுசாமியிடம் நீட்டினாள்.

"மறுபடி மழை வரப்போவுது. துப்பாக்கி சுட உறை குடுப்பாங்க இல்ல? இந்தவாட்டி என் கை அளவுக்குக் கேட்டு வாங்கினு வாய்யா."