வயிற்றுக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம்

அந்தப் பழைய காரின் பின்பக்கத்தைத் தாங்கும் காற்றுப்பை இரவில் இளைத்துவிடும். விடிந்தால் வண்டி மாடுபோல் படுத்திருக்கும். “படுத்த வண்டி படுத்ததுதான். காலையில காயலான்கடைக்காரன் வர்றான்,” என்றார் கணவர் தணிகாசலம். கோகிலா விடவில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றி, குமிழி கொப்பளித்த இடத்தில் ரப்பர் வளையத்தை மாற்றினாள். காற்றேற்றி வண்டியை நிமிர்த்தி, அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கி, செங்கல்மேல் வண்டியின் வயிற்றை ஒட்டினாற்போல் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தாள். இரவில் வண்டி இறங்கினால் பழம் நசுங்கும்.

விடிந்ததும் இருவரும் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். பழம் முழுசாக மின்னியது.

“ஏங்க, நசுங்கலைங்க!”

வாசலில் காயலான்கடை லாரி ஹாரன் அடித்தது. தணிகாசலம் பழத்தை உருவி முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

“ஓடிப் போய் ஏறு, கோகிலா. இப்ப நசுக்கு!”