கைக்கேற்ற பிடி

மாலை நாலு இருபதுக்குத் தாயும் பத்து வயது மகளும் சைக்கிள் கடைக்கு வந்தார்கள். மகள் உருட்டி வந்த சைக்கிளுக்குக் கியரும் கைப்பிடியும் மாற்ற வேண்டும்.

“முறுக்குற கியர் வேணாம் அங்கிள், பதறி முறுக்கினா வண்டி ஆடுது. கட்டைவிரலால தட்டுறது போடுங்க,” என்றாள் மகள்.

“பிடி?”

“வழுக்காதது. கை குழாய் மாதிரி வேர்க்குது.”

“மூணு தடவை விழுந்தாச்சு,” என்றாள் தாய். “இன்னொரு தடவை விழுந்தா சைக்கிளே வேணாம்.”

கடைக்காரர் சிரித்தார். “இவ்வளவு விவரமான பாப்பாவா விழுது? கையை நீட்டு, அளவு பாக்கலாம்.”

மகள் தாயின் கையை இழுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

மாட்டி முடித்ததும் தாய் ஏறி உட்கார்ந்தாள். மகள் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

“மிதிம்மா, நான் விடமாட்டேன். நேத்து மாதிரி கத்தித் தெருவையே கூட்ட மாட்டேல்ல?”