சந்தில் இருந்த கூண்டு

இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்தில், முயல் கூண்டின் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"ஊரார் பல்லையெல்லாம் தேய்க்கச் சொல்ற பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்கு, தன் முயல் கூண்டைக் கழுவத் தெரியலையே!" என்று பொருமினாள் தையல்காரி.

"புகார் குடுத்துடு," என்றான் கணவன்.

"அப்புறம் அவர் முகத்துல எப்படி முழிக்கறது?"

வாயில்லாப் பிராணி ஆயிற்றே என்று, தினமும் காதும் காதும் வைத்த மாதிரி கேரட் போட்டுவந்தாள். இன்றோ நாற்றம் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. விறுவிறுவென்று போய் டாக்டரின் கதவைத் தட்டினாள்.

"நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க!" என்றார் டாக்டர். "உங்க முயலைக் கொஞ்சம் சுத்தமா வச்சுக்கக் கூடாதாம்மா? பாவம்னு நான்தான் தினமும் முட்டைக்கோஸ் போடறேன்."

"எங்க முயலா? அது உங்களுது இல்லையா?"

"சத்தியமா இல்லை! அப்போ, போன மாசம் காலிபண்ணின பின்வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனதா?"

"ரெண்டு வீட்டுச் சாப்பாடு! அப்புறம் கூண்டு நாறாம மணக்குமா?"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பின்னாலேயே வந்த கணவன் போனை எடுத்தான். "சொந்தக்காரங்க யாருமில்லைன்னா விடு. பிராணிகள் காப்பகத்துக்குச் சொன்னா வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"எங்க முயலையா?" என்று ஒரே குரலில் பாய்ந்தார்கள் இருவரும்.

டாக்டர் துடைப்பத்தைத் தேடி ஓடினார். தையல்காரி வாளியைத் தூக்கினாள்.