ஆபீஸில் சிரிப்பவர்

வீட்டில் சிடுசிடுப்பைத் தவிர வேறெதையும் காட்டாத கணவன், அன்று மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். சாயங்காலம் வந்து அதற்கும் தன்மேல்தான் எரிந்து விழுவான் என்று, அவளே முதல்முறையாக அவனுடைய ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

வரவேற்பில் இருந்த பெண் அவன் பெயரைக் கேட்டதும் மலர்ந்தாள்.

"எங்க சாரையா கேக்கறீங்க? சிரிக்க வச்சே கொன்னுடுவார்! சில நாள் பாட்டுகூடப் பாடுவார்."

அவளுக்கு வயிறு எரிந்தது. "பாடுவாரா?"

"அதை விடுங்க. அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தா நாங்க எல்லாரும் மொய்ச்சுடுவோம். என்ன கைமணம்! காலையில எழுந்து அவரே சமைப்பாராமே?"

காலையில் எழுந்து சமைத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க அவரோட அக்காதானே? உங்களைப் பத்திச் சொல்லியிருக்கார். பாவம்ங்க. பொண்டாட்டி செத்த துக்கத்தை உள்ள வச்சுக்கிட்டு எங்களைச் சிரிக்க வைக்கிறாரே, அந்த மனசு யாருக்கு வரும்?"

அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் யாரிடமோ சிரித்துப் பேசியபடி உள்ளேயிருந்து வந்த கணவன், அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"சார், உங்க அக்கா வந்திருக்காங்க."

அவன் அவசரமாக அவளருகே வந்தான். "ஆமா... வா அக்கா, வெளியில போய்ப் பேசலாம்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்கேயே பேசலாம் தம்பி. உன் பொண்டாட்டி எப்படிச் செத்தா? சொல்லு, நானும் தெரிஞ்சுக்கறேன்."